விளக்குக்குப் பின்னால் இருந்த அம்மா

2023ஆம் ஆண்டு, நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்ய இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடங்கள் ஆனதை மலையகம் எங்கும் நினைவுகூர்ந்தார்கள். எஹலியகொடப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்திலும் இளைஞர்கள் சிலர் சேர்ந்து சின்னதாக ஒரு கண்காட்சி வைத்தார்கள். "வீட்டுல இருக்கிற பழைய படங்களக் கொண்டாங்க. பார்வைக்கு வச்சிட்டுத் திருப்பிக் குடுத்துருவோம்" என்று லயம் லயமாக வந்து கேட்டார்கள்.

நானும் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் பழைய பேர்ச்சீட்டு, பிரஜாவுரிமைக் கடதாசி, சேமலாப நிதிக் கடிதங்கள், அண்ணனின் கலியாணப் படங்கள் சில. அண்ணனின் படங்களில் மாமாக்கள் இருக்கிறார்கள், சித்தப்பாக்கள் இருக்கிறார்கள். அம்மா மட்டும் இல்லை. அன்றைக்கு அம்மா அடுப்படியில் இருந்தார்.

அம்மாவின் முகம் அந்தப் பெட்டியில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அடையாள அட்டையில். இரண்டு காதும் தெரிய, முந்தானையை இழுத்துச் சொருகி, எதிரில் நிற்பவர் ஏதோ திட்டப் போகிறார் என்பதுபோல் விழித்துக்கொண்டிருக்கும் முகம். அது என் அம்மாவின் முகம் இல்லை. கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் காட்டுவதற்கான முகம்.

இந்தப் படத்தையா கண்காட்சிக்குக் கொடுப்பது? பெட்டியை மூடிவிட்டு, "எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இதே கதைதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

எரிந்து போன படம்

அம்மாவின் கலியாணப் படம் ஒன்று இருந்ததாம். காவத்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் அம்மாவும் அப்பாவும் முதலில் இருந்தார்கள். 1981 ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் பல தாக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன. அம்மா அப்போது என்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். நான்கு வயது அண்ணனைத் தூக்கிக்கொண்டு அப்பா முன்னே ஓட, அம்மா பின்னே ஓடினாராம். காம்பராவும் அதற்குள் மாட்டியிருந்த படமும் சாம்பலாயின.

அன்றிரவு கிராமத்துச் சிங்கள அம்மா ஒருவர் அவர்களைத் தன் சமையலறையில் மறைத்து வைத்தார். வெளியே வெளிச்சம் தெரிந்தால் ஆபத்து என்று லாம்பை அணைத்துவிட்டு, அடுப்புத் தணல் வெளிச்சத்திலேயே சோறு போட்டுக் கொடுத்தாராம். "அந்த அம்மா முகம் எனக்குத் தணல் வெளிச்சத்துலதான் தெரியும். பகல்ல பார்த்தா அடையாளம் தெரியாது" என்று அம்மா அடிக்கடி சொல்வார். விடிவதற்கு முன்னே புறப்பட்டுவிட்டதால் பகலில் பார்க்கவே இல்லை. பிறகு தேடிப் போகவும் முடியவில்லை. 1983 ஜூலையில் மறுபடியும் கலவரம். அதன் பிறகு எங்கள் குடும்பம் எஹலியகொடப் பக்கம் வந்து, றப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலையில் சேர்ந்துகொண்டது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம், அம்மா ஒவ்வொரு வெசாக்குக்கும் எங்கள் காம்பரா வாசலில் கூடு ஒன்று கட்டித் தொங்கவிடுவார். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் விளக்கு வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. வெசாக் கூட்டை எங்கள் லயத்தில் அம்மா மட்டும்தான் கட்டினார். "நமக்கெதுக்கு இது?" என்று யாராவது கேட்டால், "ஒரு அம்மாவுக்குக் கடன் இருக்கு" என்பார். அவ்வளவுதான்.

இலங்கையில் வெசாக் பூரணை அரசாங்க விடுமுறையாக அறிவிக்கப்பட்டது 1885இல். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் கொண்ட பௌத்த கொடி முதன்முதல் ஏற்றப்பட்டதும் அந்த வருடம்தான். ஐக்கிய நாடுகள் சபை இந்த நாளை அங்கீகரித்தது 1999 டிசம்பரில். எங்கள் எஹலியகொடவில் வெசாக் என்றால் கொழும்பு இரத்தினபுரி வீதி நெடுகிலும் கூடுகள் ஆடும். தன்சல்களில் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும். பந்தல்களில் ஜாதகக் கதைகள் மின்குமிழில் மின்னும். நாங்களும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மலையிறங்கி வந்து பார்ப்போம்.

மூங்கில் பட்டையைச் சீவி எட்டுப் பட்டைக் கூடு கட்டுவதை அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தது கீழ்க் கிராமத்து அக்கா ஒருவர். அவரும் எங்களோடு பால் வெட்ட வந்தவர். சவ்வுக் கடதாசி ஒட்டுவதற்குக் கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்வார்கள். அடியில் ஒரு தகர மூடியை வைத்து, அதில் மெழுகுதிரியை நிறுத்துவார்கள். கூடு எரிந்து போகாமல் இருப்பது அந்தத் தகர மூடியில்தான் இருக்கிறது.

நான்கு படம்

என் சித்தி குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போய், 2000ஆம் ஆண்டில் திரும்பி வந்தபோது ஒரு யஷிகா கமரா கொண்டுவந்தார். எங்கள் லயத்துக்கே அது ஒன்றுதான் கமரா. பிலிம் சுருள் ஒன்றில் 36 படம் எடுக்கலாம். சுருளுக்கும் காசு, கழுவுவதற்கும் காசு, பிரதி போடுவதற்கும் காசு. ஆகவே சடங்கு, கலியாணம், பிள்ளைக்கு முதல் முடி இறக்குவது தவிர வேறெதற்கும் கமரா வெளியே வராது.

2003 மே மாதம். எனக்கு 21 வயது. ஏதோ ஒரு சடங்குக்குப் போட்ட சுருளில் நான்கு படம் மிச்சம் இருந்தது. வெசாக் இரவில் அம்மா கட்டிய கூட்டைப் படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சித்தியிடம் கெஞ்சிக் கமராவை வாங்கிவிட்டேன்.

முதல் படத்தைக் கமரா தன் இஷ்டத்துக்கு ஃபிளாஷ் அடித்து எடுத்தது. அடித்த வேகத்தில் எனக்கே கண் கூசியது. மற்ற மூன்று படத்துக்கும் ஃபிளாஷை நிறுத்தும் பொத்தானை அமுக்கினேன். றப்பர் பால் வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் கமராவை வைத்தேன். காம்பரா பல்பையும் அணைத்தேன்.

அம்மா கூட்டைத் தாழ்த்திப் பிடித்து மெழுகுதிரியைப் பற்றவைத்துக் கொண்டிருந்தார். "அம்மா, அப்பிடியே இருங்க" என்றேன்.

"என்னைய எதுக்குப் புள்ள எடுக்கிற? வெளக்க எடு" என்றார் அம்மா.

"வெளக்கத்தாம்மா எடுக்கிறேன்" என்று பொய் சொன்னேன். மூன்று முறையும் கமரா மெதுவாக, நேரம் எடுத்து, 'டிக்... டிக்' என்றது.

வெசாக் முடிந்த கையோடு மழை பிடித்தது. மே 17ஆம் திகதியை இரத்தினபுரி மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். களுகங்கை பெருகி இரத்தினபுரி நகரம் நீரில் மூழ்கியது. மலைகள் சரிந்தன. அந்த வெள்ளத்திலும் மண்சரிவிலும் நாட்டில் இருநூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மேடும் இறங்கியது. நல்லவேளை, இரவு நேரமாக இருக்கவில்லை. எல்லோரும் பாடசாலைக்கு ஓடிவிட்டோம்.

பாடசாலை வாங்கில் உட்கார்ந்து அம்மா தன் சேலை முடிச்சை அவிழ்த்தார். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், சம்பளத் துண்டுகள். அவற்றோடு சித்தியின் கமராவும் இருந்தது. நாங்கள் எல்லோரும் அதை மறந்தே போயிருந்தோம்.

"அடுத்தவங்க சாமான். அதோட வெளக்குப் படம் உள்ள இருக்குன்னு சொன்னியே" என்றார் அம்மா.

காம்பராவில் முழங்கால் அளவு சேறு. கூடு எங்கே போனதென்றே தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்துச் சுருளைக் கழுவக் கொடுத்தேன். ஃபிளாஷ் அடித்த படம் மட்டும் பிரதியாகி வந்தது. கறுப்புச் சுவருக்கு முன்னால் வெள்ளைக் கடதாசிப் பொட்டலம் ஒன்று தொங்குவது போல இருந்தது. உள்ளே விளக்கு எரிந்ததற்கு அடையாளமே இல்லை. மற்ற மூன்றையும் கேட்டபோது, "அது ஒண்ணும் விழல. இருட்டு. போட்டா காசுதான் வீண்" என்றார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். எங்கள் காசை மிச்சப்படுத்தித் தரத்தான் நினைத்தார்கள். நெகட்டிவ் துண்டுகளை மட்டும் உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

அம்மா 2009இல் காலமானார். செத்த வீட்டில் வைப்பதற்குக்கூட அந்த அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்தோம்.

வெள்ளைத் திரையில் தெரிந்த முகம்

கண்காட்சிக்காரத் தம்பியை நான் வெறுங்கையோடு அனுப்பியதை என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது 18 வயது. "அந்தப் பழைய ஒறையில என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். அம்மா கையால் தூக்கி வந்த கமராவின் படம் என்பதால் அந்த நெகட்டிவ் உறையை நான் எறியாமல் வைத்திருந்தேன். ஆனால் இருபது வருடமாகத் திறந்து பார்க்கவில்லை.

மகள் ஒரு போனில் வெறும் வெள்ளைத் திரையை வரவழைத்து வெளிச்சத்தைக் கூட்டினாள். அதற்குச் சற்று மேலே நெகட்டிவ் துண்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு போனால் அதைப் படம் எடுத்தாள். பிறகு அந்தப் படத்தின் நிறங்களைத் தலைகீழாக மாற்றினாள். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறும் என்று சொன்னாள். முதல் துண்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் புள்ளி ஒன்று. மூன்றாவதில் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனாள்.

"அம்மா... இது அம்மாயியா?"

கூட்டின் ஒரு பக்கம் மஞ்சளாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால், இருட்டிலிருந்து பாதி முகம். மூக்குத்தி மின்னியது. கை ஆடியதால் விரல்கள் புகைபோலக் கலைந்திருந்தன. முகம் மட்டும் ஆடவில்லை. சுடர் பிடித்துக்கொள்கிறதா என்று மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பார்வையில் பயம் இல்லை. யாருக்கும் பதில் சொல்லும் முகமும் இல்லை. பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது இருக்கும் முகம். நான் அழுததைச் சொல்ல வெட்கமில்லை.

படம் நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கிறது. இருந்தாலும் கண்காட்சியில் அதைத்தான் வைத்தோம். கீழே அம்மாவின் முழுப் பெயரையும், 2003 வெசாக் என்பதையும் எழுதினோம். கீழ்க் கிராமத்து அக்கா தள்ளாத வயதில் வந்து பார்த்துவிட்டு, "கூடு நான் சொல்லிக் குடுத்ததுதானே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

பெயரில்லாத படங்கள்

பெயர் எழுதியதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. ஜூலியா மார்கிரட் கமரன் என்று ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் இருந்தார். கல்கத்தாவில் பிறந்தவர். 1863இன் இறுதியில், தம் 48ஆவது வயதில், மகளும் மருமகனும் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவில் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். இன்று உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவராக அவரைப் போற்றுகிறார்கள். அவருடைய கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இலங்கைக்கு வந்து தங்கினார்கள். 1879 ஜனவரியில் அந்த அம்மையார் டிக்கோயாப் பகுதியில் காலமானார். அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் நம் நாட்டு ஏழைப் பெண்களும் ஆண்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்கள், விஞ்ஞானிகளின் பெயர் எல்லாம் நமக்குத் தெரியும். இங்கே எடுத்த படங்களிலோ 'களுத்துறைக் கிராமத்தவர்கள்' என்பது போலத்தான் எழுதியிருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர் என்ன, அவர்கள் யாருக்குத் தாய் என்று கேட்டு எழுதுவதற்கு அன்று யாருக்கும் தோன்றவில்லை.

நம் படங்களை நாமே எடுத்து, நம் பெயரை நாமே எழுதாவிட்டால், இன்னும் நூறு வருடத்தில் நாமும் 'தோட்டத்துப் பெண்கள் சிலர்' என்றுதான் இருப்போம்.

விளக்கைப் படம் எடுப்பது எப்படி?

இப்போது அநேகமாக எல்லா வீட்டிலும் கமரா உள்ள போன் ஒன்றாவது இருக்கிறது. பிலிம் செலவும் இல்லை. ஆனாலும் விளக்குப் படம் நன்றாக வருவதில்லை என்று பலரும் குறைப்படுகிறார்கள். நம் கண் இருட்டையும் சுடரையும் ஒரே நேரத்தில் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். கமராவால் அப்படி முடியாது. முகத்தைத் தெளிவாக்கினால் சுடர் வெள்ளைத் திட்டாகிவிடும். சுடரைத் தெளிவாக்கினால் முகம் கறுத்துவிடும். மகளிடமும், என் தவறுகளிலிருந்தும் நான் கற்றவற்றை இங்கே தருகிறேன்.

1. ஃபிளாஷை நிறுத்துங்கள். ஃபிளாஷ் பகல் வெளிச்சம் போன்றது. விளக்கின் மஞ்சளை அது விழுங்கிவிடும். அதோடு சில அடி தூரத்துக்கு மேல் அது எட்டவும் எட்டாது. வீதிப் பந்தலைப் படம் எடுக்க ஃபிளாஷ் அடிப்பதில் ஒரு பயனும் இல்லை.

2. நல்ல இருட்டு வரும்வரை காத்திருக்காதீர்கள். சூரியன் மறைந்து கால் மணி நேரத்தில் வானம் நீலமாக இருக்கும்போதே எடுங்கள். கார்த்திகைக்கு மாலை 6 மணி கழிந்தவுடன், வெசாக்குக்கு 6.30 மணி அளவில் அந்த நேரம் வரும். சுடரும் தெரியும், வாசலும் தெரியும், பின்னால் மலையும் தெரியும்.

3. போனின் கண்ணாடியை முதலில் துடையுங்கள். அடுப்படிப் புகையும் விரல் எண்ணெயும் படிந்த கண்ணாடியில் ஒவ்வொரு சுடரும் நட்சத்திரம்போலச் சிதறும்.

4. கையில் பிடிக்காமல் எதிலாவது சாய்த்து வையுங்கள். செங்கல், அரிசிச் சாக்கு, கவிழ்த்த வாளி எதுவும் போதும். பொத்தானை அமுக்கும்போதே போன் ஆடிவிடும். ஆகவே மூன்று அல்லது பத்து விநாடி கழித்துத் தானாக எடுக்கும்படி வையுங்கள். இரவுப் படத்துக்கென்று சில போன்களில் ஒரு முறை இருக்கிறது. அது அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அந்த நேரத்தில் படத்தில் இருப்பவர்களும் அசையக்கூடாது.

5. திரையில் சுடரின் மேல் விரலால் ஒருமுறை தொடுங்கள். பக்கத்தில் சின்னச் சூரியன் போன்ற குறி வந்தால் அதைச் சற்றுக் கீழே இழுங்கள். சுடரின் வடிவம் தெரிய ஆரம்பிக்கும்.

6. முகம் தெரிய வேண்டுமானால் விளக்கை முகத்துக்குக் கிட்ட வையுங்கள். விளக்கு இருக்கும் தூரம் பாதியானால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். விளக்கு நேர் முன்னால் இல்லாமல் ஒரு பக்கமாக இருந்தால் முகம் இன்னும் அழகாக வரும். காம்பரா பல்பை ஒரு நிமிடம் அணையுங்கள்.

7. சோடனை மின்குமிழ்கள் படத்தில் கோடு கோடாக விழுந்தால் போன் பழுது என்று நினைக்காதீர்கள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை மாறி மாறி ஓடுவதால் சில குமிழ்கள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மின்னுகின்றன. அந்த இரவுப் படமுறையில் மெதுவாக எடுத்தால் கோடு குறையும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வார்த்தை. படத்துக்காக ஆபத்தைத் தேடாதீர்கள். நம் லயங்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒரு காம்பராவில் பிடித்த தீ அடுத்த காம்பராவில்தான் நிற்கும். முந்தானையைச் சொருகிக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயைச் சுடருக்குக் கிட்ட வைக்காதீர்கள். விளக்குகளைத் தனியே விட்டுவிட்டுப் பந்தல் பார்க்கப் போகாதீர்கள். சோடனைக் குமிழ்களுக்காகக் கம்பியை உரித்து மேல் கம்பியில் கொளுவும் வேலை வேண்டவே வேண்டாம். எங்கள் ஈரமான ஊரில் அது உயிருக்கே ஆபத்து.

எடுத்த படத்தை எங்கும் போடுமுன் படத்தில் உள்ளவர்களிடம் கேளுங்கள். அடுத்த வீட்டுப் பெண் பிள்ளையின் படம் என்றால் அவளிடமும் தாயிடமும் கேட்காமல் யாருக்கும் அனுப்பக்கூடாது.

வருடத்துக்கு இரண்டு படமாவது கடையில் கொடுத்துக் கடதாசியில் பிரதி எடுத்து வையுங்கள். போன் தண்ணீரில் விழலாம், தொலையலாம். கடதாசிப் படம் தகரப் பெட்டியில் இருக்கும். பின்பக்கம் பென்சிலால் மெதுவாகப் பெயர், உறவு, இடம், வருடம் நான்கையும் எழுதுங்கள். எங்கள் பக்கத்து மழைக்குப் படங்களில் பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் வைத்து, வெயில் நாளில் நிழலான இடத்தில் காற்றாட விடுங்கள். பழைய நெகட்டிவ்களைத் தயவுசெய்து எறியாதீர்கள். 'ஒன்றும் விழவில்லை' என்று சொன்னாலும் எறியாதீர்கள்.

போன கார்த்திகை

என் மகள் இப்போது அவிசாவளையில், சீதாவக்கைக் கைத்தொழிற்பேட்டையில் வேலை செய்கிறாள். போன கார்த்திகை விளக்கீட்டுக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நம் கார்த்திகையும் சிங்கள மக்களின் உந்துவப் போயாவும் சில வருடங்களில் ஒரே பூரணையை ஒட்டி வரும். சிவனொளிபாதமலை யாத்திரை தொடங்குவதும் அந்தப் போயாவோடுதான். கீழே பெரிய வீதியில் யாத்திரிகர்களின் பஸ்கள் இரத்தினபுரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. மேலே எங்கள் லயத்தில் வாசலுக்கு வாசல் விளக்கு.

நான் வாசல்படியில் அகல்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். மகள் எதிரில் பால் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் போனைச் சாய்த்தாள்.

"என்னைய எதுக்கு எடுக்கிற? வெளக்க எடு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. மகளும் சிரித்துவிட்டாள். "வெளக்கத்தாம்மா எடுக்கிறேன். நீங்க கொஞ்சம் கிட்ட வாங்க" என்றாள். இருபது வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன பொய்யை என்னிடமிருந்தே கேட்டுத் தெரிந்துகொண்டவள் அவள்.

விளக்குக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தேன். முகத்தில் சூடு தட்டியது. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

நாம் எல்லோரும் இப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறோம். பண்டிகை என்றால் சமைப்பதும் மெழுகுவதும் விளக்கு வைப்பதும் நாம். படம் எடுக்கும்போது ஒதுங்கிக்கொள்வதும் நாம். பிள்ளைகள் நம்மைத் தேடும் நாளில் அடையாள அட்டை மட்டும்தான் மிஞ்சுகிறது.

அடுத்து வரும் பண்டிகை எதுவானாலும் சரி, தீபாவளியோ, கார்த்திகையோ, வெசாக்கோ, நத்தாரோ, உங்கள் வீட்டு விளக்கைப் படம் எடுங்கள். அந்த விளக்கைப் பற்றவைத்தவரையும் சேர்த்து எடுங்கள். பின்னால் அவர் பெயரை எழுதுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் அம்மா. இன்னொன்றில் நான். இரண்டிலும் வெளிச்சம் வலது கன்னத்தில்தான் விழுந்திருக்கிறது.